கேள்வி – பதில்: மைனஸ் முப்பதும் நான்கு டிகிரியும்

மார்கழி பிறந்ததிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குளிரைப் பற்றியவையாகவே இருந்ததால், மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

வாசகர், திருப்பூர்: என் மகன் டெல்லியில் வேலை பார்க்கிறான். ஜனவரியில் 4 டிகிரி குளிரைத் தாங்க முடியவில்லை என்று தொலைபேசியில் புலம்புகிறான். கனடாவில் மைனஸ் 30 டிகிரியிலும் மக்கள் வேலைக்குப் போகிறார்களே, இவன் மிகைப்படுத்துகிறானா?

இல்லை, உள்ளதைத்தான் சொல்கிறார். கனடாவின் வின்னிபெக் நகரில் தெருவில் மைனஸ் 30 டிகிரி இருக்கும் நாளில் வீட்டுக்குள் 20 அல்லது 21 டிகிரி இருக்கும். சுவருக்குள் வெப்பத்தை வெளியே விடாத பஞ்சுப் பொதி, இரட்டைக் கண்ணாடி ஜன்னல், அறைதோறும் சூடான காற்றைக் கொண்டுவரும் குழாய் என்று அந்த வீடு குளிரை எதிர்பார்த்தே கட்டப்பட்டது. அங்கே ஒருவர் குளிரைச் சந்திப்பது வாசற்படிக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் இடையிலான சில நிமிடங்களில்தான். டெல்லி வீடோ மே மாத வெயிலை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது. வழவழப்பான கல் தரையும் ஒற்றைக் கண்ணாடியும் அடியில் விரல் நுழையும் இடைவெளி உள்ள கதவும் கோடையில் வரம். ஜனவரியில் அவையே சாபம். வெளியே 4 டிகிரி என்றால் உள்ளே 12 அல்லது 13 டிகிரி இருக்கும், மூடுபனியால் பகலிலும் வெயில் எட்டிப் பார்க்காத நாள்களில் அது ஏறவும் ஏறாது. வின்னிபெக்காரர் குளிரில் நடக்கிறார், உங்கள் மகன் குளிரிலேயே உண்டு, குளித்து, உறங்குகிறார்.

இந்திய வானிலைத் துறையின் கணக்கும் இதை ஒப்புக்கொள்கிறது. சமவெளியில் இரவு வெப்பநிலை 10 டிகிரிக்குள் இறங்கி, அந்த ஊரின் இயல்பைவிட 4.5 டிகிரியோ அதற்கு மேலோ குறைந்தால் அதைக் 'குளிர் அலை' என்று அறிவிக்கிறார்கள். இயல்பு எதுவாக இருந்தாலும் 4 டிகிரியைத் தொட்டாலே குளிர் அலைதான், 2 டிகிரியைத் தொட்டால் கடுங்குளிர் அலை.

பழக்கமில்லாத ஊரில் குளிர் எப்படித் தாக்கும் என்பதற்கு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2021 பிப்ரவரியில் ஆர்க்டிக் காற்று அங்கே இறங்கியபோது, எரிவாயுக் கிணறுகளின் வாய்க்குழாய்கள் உறைந்தன, மின்நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அந்த மாநிலத்தின் மின்கட்டமைப்பு அண்டை மாநிலங்களோடு பெரும்பாலும் இணைக்கப்படாமல் தனித்து நிற்பதால் வெளியிலிருந்து போதிய மின்சாரத்தை வரவழைக்கவும் வழியில்லாமல் போனது. 40 லட்சத்துக்கும் அதிகமான வீடுகள் இருளில் மூழ்கின. மாநில அரசின் கணக்குப்படி 246 பேர் இறந்தார்கள். அதே குளிர் வடக்கே உள்ள மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு சாதாரண வாரம். 2015இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று, 13 நாடுகளில் நிகழ்ந்த 7 கோடியே 40 லட்சம் மரணங்களை ஆராய்ந்து, வெப்பத்தால் நேர்ந்தவற்றைக் காட்டிலும் குளிரால் நேர்ந்தவை பல மடங்கு என்றும், அவற்றில் பெரும்பாலானவை கடுங்குளிர் நாள்களில் அல்ல, மிதமான குளிர் நாள்களில் நிகழ்ந்தவை என்றும் காட்டியது.

ஆகவே மகனுக்கு ஆறுதலோடு சில பொருள்களையும் அனுப்புங்கள். கதவிடுக்கில் செருகப் பழைய துணிச் சுருள், கல் தரைமேல் விரிக்கக் கனத்த ஜமக்காளம், தலைக்குக் கம்பளிக் குல்லாய், படுக்கையில் வைத்துக்கொள்ள வெந்நீர்ப் பை ஆகியவை போதும். கோட்டு ஒன்றுக்குப் பத்தாயிரம் செலவழிப்பதற்கு முன் ரஜாய் எனப்படும் பஞ்சுப் போர்வை நல்லதாக ஒன்று வாங்கச் சொல்லுங்கள்.

வாசகி, உதகமண்டலம்: மின்சார ஹீட்டருக்கு ஆகும் கட்டணம் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. இரவில் படுக்கையறையில் கரி அடுப்பை வைத்துக்கொள்கிறோம். ஜன்னலைச் சற்றே திறந்து வைத்தால் போதுமா?

போதாது, அம்மா. இன்றிரவே நிறுத்திவிடுங்கள். இந்தப் பத்தியில் வேறெதையும் நீங்கள் படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

கரி நன்றாகக் கனன்று புகை அடங்கிய பிறகு அடுப்பை உள்ளே கொண்டுவந்தால் ஆபத்தில்லை என்ற நம்பிக்கை நம் மலையூர்களில் மட்டுமல்ல, வடக்கே அங்கீட்டி எனப்படும் கரியடுப்பை வைத்துக்கொள்ளும் வீடுகளிலும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. உண்மை இதற்கு நேர்மாறானது. புகை இருக்கும்வரை கண் எரியும், இருமல் வரும், எழுந்து கதவைத் திறப்போம். புகை அடங்கிய கனலிலிருந்து வருவது நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வாயு. நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக இந்த வாயுவோடு ஒட்டிக்கொள்கிறது. மூச்சு சீராக ஓடிக்கொண்டிருக்கும். உடலுக்கு ஆக்சிஜன் மட்டும் போய்ச் சேராது. விழித்திருப்பவருக்குத் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று சில அறிகுறிகளாவது தெரியும். உறங்குபவருக்கு அதுவும் தெரியாது. ஜன்னலை எவ்வளவு திறந்தால் பாதுகாப்பு என்று யாராலும் அளவு சொல்ல முடியாது. காற்று வீசும் திசை மாறினாலே கணக்கு மாறிவிடும். தவிரவும், குளிர் கூடக்கூட நள்ளிரவில் யாராவது ஒருவர் எழுந்து அந்த ஜன்னலை மூடிவிடுவார் என்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

ஒரே அறையில் படுத்த இருவர் மூவருக்குக் காலையில் சேர்ந்தாற்போல் தலை வலித்தால் அதைச் சளி என்று எண்ணித் தைலம் தடவிக்கொண்டிருக்காதீர்கள். எல்லோரும் உடனே வெளிக்காற்றுக்கு வந்து, அங்கிருந்தே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆக்சிஜன் கொடுப்பதுதான் இதற்குச் சிகிச்சை. கூடாரத்துக்கு வெளியே கறி சுட்டுவிட்டு, வீணாகப் போகிறதே என்று மிச்சக் கனலை உள்ளே இழுத்துவைக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். மேலே சொன்ன டெக்சாஸிலும், அடைத்த கொட்டகைக்குள் காரை ஓடவிட்டும் வீட்டுக்குள் கரியடுப்பை மூட்டியும் குளிர்காய முயன்று இறந்தவர்கள் உண்டு.

உங்கள் ஊரின் பழைய பங்களாக்களில் கணப்பு இருக்கிறதே என்று கேட்பீர்கள். அவற்றுக்குக் கூரையைத் தாண்டி உயரும் புகைபோக்கி இருக்கிறது. நாம் கணப்பை மட்டும் பின்பற்றினோம், புகைபோக்கியை விட்டுவிட்டோம். படுக்கப் போவதற்கு முன் ஒரு மணி நேரம் மட்டும் ஹீட்டரை ஓடவிட்டு அணைத்துவிட்டு, காலுறையும் குல்லாயும் அணிந்து, போர்வைக்குள் வெந்நீர்ப் பையோடு படுத்தால் கட்டணமும் அடங்கும், குளிரும் அடங்கும். உடம்பைச் சூடாக்குவது மலிவு, அறையைச் சூடாக்குவதுதான் செலவு.

வாசகி, வேலூர்: இராணுவத்தில் இருக்கும் என் கணவர் காஷ்மீரிலிருந்து பேசும்போது 'சில்லாய் கலான் தொடங்கிவிட்டது' என்கிறார். அது என்ன?

நம் முன்னோர் மார்கழியையும் தையையும் முன்பனி என்றும் மாசியையும் பங்குனியையும் பின்பனி என்றும் பிரித்ததைப் போலக் காஷ்மீரிகள் தங்கள் குளிரை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். டிசம்பர் 21இல் தொடங்கும் நாற்பது நாள்கள் சில்லாய் கலான், அதாவது பெருங்குளிர். அடுத்த இருபது நாள்கள் சில்லாய் குர்த், சிறுகுளிர். அதற்கடுத்த பத்து நாள்கள் சில்லாய் பச்சா, குட்டிக்குளிர். பெருங்குளிரின் நாள்களில் தால் ஏரியின் ஓரங்கள் உறைவதும், விடிகாலையில் குழாயில் தண்ணீர் வராமல் நிற்பதும் வழக்கம்.

பள்ளத்தாக்கு இதற்கு ஆகஸ்டிலேயே தயாராகத் தொடங்கிவிடுகிறது. கத்தரிக்காய், தக்காளி, சுரைக்காய் முதலியவற்றை நறுக்கி வெயிலில் உலர்த்தி, கோத்து, மாலை மாலையாகத் தொங்கவிடுகிறார்கள். 'ஹோக் சியூன்' என்று அதற்குப் பெயர். சுண்டைக்காயும் மணத்தக்காளியும் வற்றல் போடும் கைகளுக்கு அந்த வேலையின் பொருள் விளங்கும் என்றாலும் ஒரு வேறுபாடு உண்டு: நமக்கு வற்றல் நாவுக்காக, அவர்களுக்கு அது பனியால் சாலை அடைபட்ட நாள்களின் உணவு. உடைக்கு முழங்காலைத் தாண்டித் தொங்கும் ஃபேரன் என்ற தளர்ந்த அங்கி. அதற்குள்ளே காங்கிரி, அதாவது பிரம்பு போன்ற கொம்புகளால் பின்னிய கூடைக்குள் வைத்த மண் சட்டியில் கனலும் கரி. நடமாடும்போது கையை உள்ளிழுத்து அதைப் பிடித்துக்கொள்வதால் காஷ்மீரிகளின் ஒரு சட்டைக் கை எப்போதும் காலியாக ஆடிக்கொண்டிருக்கும். அழகான ஏற்பாடுதான். ஆனால் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் சூடு படுவதால் தொடையிலும் வயிற்றிலும் தோல் புற்றுநோய் வருவதை மருத்துவர்கள் நூறாண்டுக்கு முன்பே கண்டு, அதற்குக் காங்கிரிப் புற்று என்றே பெயரிட்டிருக்கிறார்கள். மூடிய அறையில் அதை அணைத்துக்கொண்டு உறங்குவது பற்றி உதகமண்டலத்து வாசகிக்குச் சொன்னதே உங்கள் கணவருக்கும்.

வாசகர், காரைக்குடி: குளிருக்கு இரண்டு மிடறு பிராந்தி நல்லது என்கிறார்களே, உண்மையா?

உடம்பு சூடேறியது போன்ற உணர்ச்சி மட்டும் உண்மை. குளிரில் உடல் தன் தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, உள்ளுறுப்புகளுக்காகச் சூட்டைச் சேமிக்கிறது. மது அந்தக் குழாய்களை விரித்து, சேமித்ததை வெளியே கொட்டிவிடுகிறது. தோல் கதகதப்பாக இருக்கும், உள்ளே வெப்பநிலை இறங்கிக்கொண்டிருக்கும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் பேச்சு குழறி நடை தடுமாறும். பனியில் ஒருவர் குடித்திருக்கிறாரா, விறைத்துக்கொண்டிருக்கிறாரா என்று பக்கத்தில் இருப்பவருக்கே பிரித்தறிய முடியாமல் போவது இதனால்தான். நடுங்கிக்கொண்டிருந்தவரின் நடுக்கம் தானாக நின்றுவிட்டால் தேறிவிட்டார் என்று எண்ண வேண்டாம்; அது உடல் கைவிட்டதன் அடையாளம்.

வாசகி, ஸ்கார்பரோ, கனடா: யாழ்ப்பாணத்திலிருந்து எழுபது வயதான என் அம்மா முதல்முறையாக ஜனவரியில் வருகிறார். அவரை எப்படித் தயார்படுத்துவது? வானிலை அறிக்கையில் வெப்பநிலையை ஒன்றாகவும் 'உணரும் குளிரை' வேறொன்றாகவும் சொல்வது அவருக்குப் பெருங்குழப்பம்.

குழப்பத்தை முதலில் தீர்ப்போம். நம் தோலை ஒட்டி உடற்சூட்டால் இளஞ்சூடான மெல்லிய காற்றுப் படலம் ஒன்று எப்போதும் இருக்கிறது. காற்று வீசினால் அது கலைந்து, தோல் வேகமாகச் சூட்டை இழக்கிறது. மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், காற்றே இல்லாத மைனஸ் 33 டிகிரியில் நிற்பதைப் போன்றது என்பதுதான் அந்த இரண்டாவது எண்ணின் பொருள். அந்த அளவில் மூடாத மூக்கும் காதும் பத்து முதல் முப்பது நிமிடங்களுக்குள் உறைந்து புண்ணாகலாம். அம்மாவுக்கு ஒரு விதி போதும்: கோட்டைத் தேர்ந்தெடுக்க இரண்டாவது எண்ணைப் பாருங்கள், முதல் எண்ணை மறந்துவிடுங்கள்.

உடுப்பில், ஊரிலிருந்து கொண்டுவரும் பருத்தியை உடம்போடு ஒட்டி அணிய வேண்டாம். பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும்; ஈரத்துணி உடற்சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தோலை ஒட்டி மெல்லிய கம்பளியோ 'தெர்மல்' உடுப்போ, அதன்மேல் கம்பளிச் சட்டை, அதற்கும் மேல் காற்றை மறிக்கும் கோட்டு என்று மூன்று அடுக்கு வேண்டும். சேலையை விடமாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தால் சண்டை வேண்டாம். பாவாடைக்குப் பதில் இரட்டைத் தெர்மல் காற்சட்டை போட்டு அதன்மேல் உடுத்திக்கொள்ளட்டும், ஆனால் கொசுவம் பூட்சுக்கு மேலே நிற்கும்படி சற்று ஏற்றிக் கட்ட வேண்டும். விரல்கள் தனித்தனியாகப் பிரிந்த கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் கையுறை சூட்டைக் காக்கும். விரல் வெளுத்து மரத்துப்போனால் தேய்க்கவோ பனியை வைத்து உரசவோ கூடாது. வீட்டுக்குள் வந்து, 37 முதல் 39 டிகிரி வரையுள்ள வெதுவெதுப்பான நீரில் வைக்க வேண்டும். உணர்வில்லாத விரலுக்கு வெந்நீர் சுடுவது தெரியாது என்பதால் நீரை நீங்களே தொட்டுப் பார்த்துக் கொடுங்கள்.

குளிரைவிட அம்மாவுக்கு நான் அஞ்சுவது வழுக்கலுக்கு. மேலே சூடான காற்றும் தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் இருக்கும்போது, மழையாக விழும் நீர் பட்ட இடத்திலேயே கண்ணாடிபோல் உறைகிறது. கறுத்த தார்ச்சாலையில் அது கண்ணுக்கே தெரியாது. அத்தகைய நாள்களில் அவர் வெளியே இறங்காமல் இருப்பதே நல்லது. இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால் கைகளைப் பைக்குள் விடாமல், அடிமேல் அடியாகப் பாதத்தை முழுதும் ஊன்றி நடக்க வேண்டும். இத்தகைய மழை 1998 ஜனவரியில் கியூபெக்கிலும் கிழக்கு ஒன்டாரியோவிலும் நாள்கணக்கில் பெய்து, பனிக்கட்டியின் பாரத்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயர்மின் கோபுரங்கள் சரிந்தன; 2013 கிறிஸ்துமஸுக்குச் சற்று முன் டொரோண்டோவில் லட்சக்கணக்கான வீடுகள் மின்சாரமின்றி இருந்தன. மூன்று நாளுக்கான குடிநீர், சமைக்காமல் உண்ணும் உணவு, அம்மாவின் மாத்திரைகள், கைவிளக்கு, மின்கலத்தில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் குவிந்த பனியை மண்வெட்டியால் தள்ளும் வேலையை அம்மாவிடம் மட்டுமல்ல, இதயக் கோளாறு உள்ள எவரிடமும் விடாதீர்கள். குளிரும் திடீர் உழைப்பும் சேர்ந்தால் மாரடைப்புக்கு வேறு காரணம் வேண்டாம்.

வாசகர், நாமக்கல்: நான் ஆடு வளர்ப்பவன். பனி மூடும் நாடுகளில் மேய்ச்சல் ஆடுகள் எப்படிப் பிழைக்கின்றன?

உலகத்தில் இந்தக் கேள்வியோடு நேருக்கு நேர் வாழ்பவர்கள் மங்கோலிய மேய்ப்பர்கள். குதிரை, மாடு, ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு ஆகிய ஐந்தையும் சேர்த்து வளர்ப்பது அவர்கள் மரபு. அது வெறும் பெருமைக்காக அல்ல. குதிரை குளம்பால் பனியைக் கீறிப் புல்லை வெளிப்படுத்தும், செம்மறி அதன் பின்னால் சென்று மிச்சத்தை மேயும். கொத்துக்கொத்தாகக் கால்நடைகள் மடியும் கொடுங்குளிர்காலத்தை அவர்கள் 'ஸுத்' என்கிறார்கள், அதிலும் வகை பிரித்திருக்கிறார்கள். பனி ஆழமாகக் குவிந்து புல் எட்டாமல் போனால் வெள்ளை ஸுத். பனியே பெய்யாமல், நக்கிக் குடிக்கவும் நீரின்றிப் போனால் கறுப்பு ஸுத். இடையில் ஒருநாள் பனி உருகி மறுபடி உறைந்து, மேய்ச்சல் நிலம் முழுவதும் கண்ணாடித் தகடுபோல் மூடிக்கொண்டால் இரும்பு ஸுத்.

இதில் கால்நடைகளைக் கொல்வது பெரும்பாலும் குளிரல்ல, பசி. கோடையில் மழை பொய்த்து, கொழுப்பு ஏறாத உடம்போடு குளிருக்குள் நுழையும் மந்தைதான் முதலில் சாய்கிறது. 2009–10 குளிர்காலத்தில் அந்த நாடு 80 லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகளை இழந்தது. இருந்தவற்றில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. காற்று மறைவில் தொழுவம், உலர்ந்த சாணத்தைப் பரப்பிய படுக்கை, இலையுதிர்காலத்திலேயே வெட்டிச் சேர்த்த வைக்கோல் ஆகியவையே அவர்களின் பாதுகாப்பு. 2006 முதல் அங்கே ஒரு காப்பீட்டுத் திட்டமும் உண்டு: தனித்தனி ஆட்டுக்குச் சான்று கேட்காமல், ஒரு வட்டாரத்தில் மடிந்த கால்நடைகளின் விகிதம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அந்த வட்டாரத்தில் காப்பீடு செய்த எல்லோருக்கும் பணம் தருகிறார்கள். ஆடு செத்தவன் தாசில்தார் வாசலில் புகைப்படத்தோடு நிற்க வேண்டியதில்லை என்பதால் எனக்கு இந்த முறை பிடிக்கும்.

மாணவர், மதுரை: உலகத்திலேயே குளிர் மிகுந்த ஊர் எது? அங்கே மனிதர்கள் இருக்கிறார்களா?

மக்கள் நிலையாக வாழும் ஊர்களில் ரஷ்யாவின் யாக்கூத்தியப் பகுதியைச் சேர்ந்த ஓய்மியாகோன் முன்னணியில் இருக்கிறது. 1933 பிப்ரவரியில் அங்கே மைனஸ் 67.7 டிகிரி பதிவானது. அதே பகுதியின் தலைநகரான யாக்கூத்ஸ்கில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். அந்நகரின் அடிநிலம் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடப்பதால், கட்டடத்தின் சூடு மண்ணை இளக்கிச் சுவரைச் சாய்த்துவிடாதபடி வீடுகளைத் தூண்களின்மேல் உயர்த்திக் கட்டுகிறார்கள்; வெந்நீர்க் குழாய்களும் மண்ணுக்கு மேலேயே, கனத்த உறை போர்த்தி ஓடுகின்றன. காரைச் சூடேற்றிய கொட்டகையில் நிறுத்துவார்கள், இல்லாதவர்கள் இன்ஜினை அணைப்பதில்லை. சந்தையில் மீன்களை விறைத்த விறகுபோல் வாளியில் நிமிர்த்தி வைத்து விற்கிறார்கள், குளிர்ப்பெட்டி எதற்கு?

வாசகர், சென்னை: என் நிறுவனம் ஜப்பானின் நீகாத்தாவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு அனுப்புகிறது. அங்கே குளிர் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்குமாம். கவலைப்பட வேண்டுமா?

குளிருக்கு அல்ல, பனியின் கனத்துக்கு. சைபீரியாவிலிருந்து வரும் வறண்ட காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு, எதிரே நிற்கும் மலைகளில் மோதி அத்தனையையும் அந்தக் கரையிலேயே கொட்டிவிடுகிறது. பூஜ்யத்தை ஒட்டிய வெப்பநிலையில் விழுவதால் அது பஞ்சுபோல் இல்லாமல் ஈரச் சாந்துபோல் கனக்கும். கூரைமேல் சேர்ந்த பனியைத் தள்ள ஏறி, சறுக்கி விழுந்தோ சரியும் பனிக்கடியில் புதைந்தோ இறப்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு, அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஏணியைத் தூக்கினால் நீங்களும் கூடப் போய் நில்லுங்கள், கூரைக்கு நேர் கீழே மட்டும் நிற்காதீர்கள்.

இன்னொரு வியப்பும் உங்களுக்குக் காத்திருக்கிறது. கடுங்குளிர் ஊரான சப்போரோவில் வீட்டுக்குள் சட்டையோடு உட்காரலாம். அதைவிட மிதமான நீகாத்தாவின் பழைய வீடுகளில் மேசைக்கடியில் சூடேற்றி, அதன்மேல் போர்வை விரித்த கொதாட்சுவுக்குள் காலை நீட்டிக்கொண்டு நடுங்குவீர்கள். திருப்பூர்க்காரரின் மகனுக்கு எழுதியதை நீங்களும் ஒருமுறை படியுங்கள். போனதும் முதல் வேலையாக முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்குங்கள். அந்த மாவட்டத்தின் நாகாவோகா போன்ற ஊர்களில், பனியைக் கரைப்பதற்காகச் சாலை நடுவே பதித்த குழாய்கள் நிலத்தடி நீரைப் பீச்சிக்கொண்டே இருக்கும். தோல் காலணியோடு போனால் அலுவலகம் சேர்வதற்குள் காலுறை நனைந்துவிடும்.